சம்பள நாளில் ஒரு கோபெக்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 ஆண்டுகளாகப் பவர் டேபிள் டைலராக இருக்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து உங்கள் தொழிலாளர் செய்தித் தளத்துக்கு மாதம் 50 ரூபாய் அனுப்பிவந்தேன். ஆர்டர் குறைந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருக்கிறது என்பதால் இரண்டு மாதங்களாக அனுப்ப முடியவில்லை. அது மனத்தை உறுத்துகிறது.

கூடவே ஒரு சந்தேகம். தொழிலாளர் செய்தி யாருக்குத் தேவையோ அவர்களிடம் கொடுக்கப் பணம் இல்லை; பணம் உள்ளவர்களுக்கு இந்தச் செய்தி தேவையில்லை. அப்படியிருக்க, வாசகரை மட்டும் நம்பி எத்தனை நாள் நடத்துவீர்கள்? விளம்பரம் வாங்கினால் என்ன? சங்கங்களிடம் கேட்கலாமே? வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் தரமாட்டார்களா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை இல்லாத மாதத்தில் நீங்கள் பணத்தை நிறுத்தியது முற்றிலும் சரி. அந்த 50 ரூபாய் வீட்டுச் செலவுக்குப் போவதே முறை. பணம் தந்தவர், தராதவர் என்று பாராமல் எல்லாரும் படிக்கும்படி இந்தத் தளத்தைத் திறந்து வைத்திருப்பது, யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் கையில் காசில்லாத மாதத்திலும் தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், பணம் எதற்குச் செலவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தம் நடக்கும் நாளில் ஆலை வாசலுக்குப் போய் எழுதுவதற்குப் பெரிய செலவில்லை. அன்றைக்குத் தொலைக்காட்சிக்காரர்களும் வந்துவிடுவார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் செலவு தொடங்குகிறது. இயந்திரத்தில் கை சிக்கி இரண்டு விரல்களை இழந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் இழப்பீட்டு வழக்கை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தேன். 11 வாய்தாக்களுக்குப் போனேன். அவற்றில் ஏழு நாள்கள் பத்து நிமிடத்தில் வழக்கை ஒத்திவைத்து அனுப்பிவிட்டார்கள். மொத்தம் மூன்று கட்டுரைகள்தாம் எழுதினேன். ஆனால் அந்த வெறும் ஏழு நாள்களும் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால், அந்த மனிதரை வேலைக்கு எடுத்தது யார் என்பதையே நிர்வாகமும் ஒப்பந்ததாரரும் மாறிமாறி மறுத்ததை நான் காதால் கேட்டிருக்க மாட்டேன். பேருந்துக் கட்டணம், ஆவண நகல், அந்த நாள்களுக்கான என் கூலி ஆகியவற்றைத்தான் வாசகர் பணம் தாங்கியது. நீங்கள் அனுப்பிய 50 ரூபாய் ஒரு கட்டுரையின் விலையன்று. அது காத்திருப்பதற்கான கூலி.

விளம்பரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விளம்பரம் தருபவர் மிரட்டுவார், செய்தியை நிறுத்தச் சொல்வார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது நடப்பதும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறு. லண்டனில் 1911-இல் அச்சுத் தொழிலாளர் போராட்டத்தின்போது ஒரு வேலைநிறுத்த ஏடாகப் பிறந்து, 1912 ஏப்ரலில் நாளிதழாக மீண்டும் தொடங்கிய 'டெய்லி ஹெரால்டு' என்ற பத்திரிகையின் கதையைப் பாருங்கள். ஆதரவாளர்களின் நன்கொடையால் உயிர்பிடித்து நின்ற அது, 1922-இல் தொழிற்சங்கப் பேரவையின் பொறுப்புக்கு வந்து, 1930-இல் ஒரு வணிகப் பதிப்பகத்துக்குப் பெரும்பங்கை விட்டுக்கொடுத்து, 1933-இல் 20 லட்சம் பிரதிகள் விற்றது. 1964-இல் மூடப்பட்டபோதுகூட 12 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. நாட்டின் நாளிதழ் விற்பனையில் ஏறத்தாழ 8 விழுக்காடு அதனுடையது. விளம்பர வருவாயிலோ அதற்கு 4 விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. யாரும் அதைத் தடைசெய்யவில்லை, வாசகர்களும் கைவிடவில்லை. அதைப் படித்தவர்கள் உழைப்பாளிகள். பொருள் விற்பவர்களுக்கு அவர்களிடம் பேச வேண்டிய தேவை குறைவாக இருந்தது. விளம்பரத்தை நம்பினால், உங்களைப் போன்ற வாசகர் கூடக் கூடப் பத்திரிகைக்கு நட்டம் என்ற நிலை வந்துவிடும். எனக்கு அந்தக் கணக்கே வேண்டாம்.

இப்போது, தொழிலாளியிடம் பணம் இல்லை என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். 1912-இல் ரஷ்யாவில் 'பிராவ்தா' நாளிதழ் தொடங்கிய ஆண்டில், தொழிலாளர் பத்திரிகைக்காக ஆலைகளில் நடந்த வசூலை லெனின் மாதவாரியாக எண்ணிப் பார்த்தார். எத்தனை ரூபிள் வந்தது என்பதைவிட, எத்தனை தொழிலாளர் குழுக்கள் தந்தன என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது. அனுதாபிகள் சிலர் சேர்ந்து தரும் 1,000 ரூபிளைவிட 30 தொழிலாளர் குழுக்கள் திரட்டும் 100 ரூபிள் மேலானது என்று எழுதினார். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் தந்த குழுக்கள் 504. அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் அந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்க்கலாம். ஜனவரியில் 14, பிப்ரவரியில் 18, மார்ச்சில் 76, ஏப்ரலில் 227, மே மாதத்தில் 135, ஜூனில் 34.

ஏப்ரலில் லேனா தங்கச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் துயரமும் சினமும்தான் 227 ஆக ஏறின. நாளிதழ் வெளிவரத் தொடங்கிவிட்டது என்பதும் பிறகு வந்த இறக்கத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் இரண்டே மாதத்தில் 34-க்கு இறங்கியிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை நான் என் கணக்குப் புத்தகத்திலேயே பார்க்கிறேன். போராட்டம் நடக்கும் மாதத்தில் பணம் குவிகிறது. நான் மேலே சொன்ன வாய்தா மாதங்களில் வற்றிவிடுகிறது. எழுதும் வேலையோ நேர்மாறாக, வற்றிய மாதங்களில்தான் அதிகம். ஒவ்வொரு தொழிலாளியும் சம்பள நாளில் ஒரு கோபெக் தருவதை வழக்கமாக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரையில் லெனின் கேட்டுக்கொண்டதன் பொருள் எனக்கு இதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோபெக் என்பது ஒரு ரூபிளில் நூறில் ஒரு பங்கு. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அது எந்த நாளில் வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் ஒரு நிருபரை அடுத்த வாய்தாவுக்கு அனுப்ப முடியும்.

பின்னாளில் 'பிராவ்தா' ஆளுங்கட்சியின் ஏடானபோது அந்தக் கோபெக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆலையில் நடக்கும் கொடுமையைத் தொழிலாளி விரும்பியபடி அதில் எழுதும் நிலையும் இல்லாமல் போயிற்று. சங்கங்களிடம் மொத்தமாகப் பணம் வாங்க நான் தயங்குவதற்கும் காரணம் இதுதான். சங்கங்கள் இல்லாமல் தொழிலாளருக்குப் பாதுகாப்பில்லை என்பதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். ஆனால் ஒரே ஆலையில் இரண்டு சங்கங்கள் மோதும்போதும், நிரந்தரத் தொழிலாளருக்கான ஒப்பந்தத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள் விடுபடும்போதும் நான் யாருக்கும் கடன்பட்டவனாக இருக்கக் கூடாது. சங்க உறுப்பினர்கள் தனித்தனியாகத் தந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை சட்டமே தடையாக நிற்கிறது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, செய்தி வெளியிடுவோர் அயல்நாட்டுப் பணம் பெறுவதைத் தடுக்கிறது. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். கனடாவிலோ பிரான்சிலோ குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர், நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அயலார்தான். அன்போடு அனுப்ப வந்த சிலருக்கு வருத்தத்தோடு மறுத்து எழுதியிருக்கிறேன்.

ஆக, எத்தனை நாள் நடத்துவேன் என்பதற்கு என்னிடம் உள்ள விடை, மாதந்தோறும் தருபவர்களின் எண்ணிக்கைதான். யார் பெரிய தொகை தந்தாலும் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமிருந்து வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். அதை மாற்றும் எண்ணம் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் தன் சம்பளத்தில் 500 ரூபாய் தருவதும் ஒரு டைலர் 50 ரூபாய் தருவதும் என் பட்டியலில் சமமான இரண்டு பெயர்கள்தாம். பணம் உள்ளவர்களுக்கு இந்தச் செய்தி தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தம் தந்தை மில் வேலை பார்த்தவர் என்று எழுதிவிட்டுத் தொடர்ந்து பணம் அனுப்புவதைப் பார்க்கும் எனக்கு அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆர்டர் திரும்பி முழு வாரமும் வேலை கிடைத்த பிறகு, விருப்பமிருந்தால் மீண்டும் தொடங்குங்கள். அதுவரை ஓர் உதவி கேட்கிறேன். வேலை குறைந்த வாரங்களில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அடுத்த மாதம் எழுத இருக்கிறோம். சனிக்கிழமை சம்பளச் சீட்டு கொடுத்தால், உங்கள் பெயரையும் கம்பெனியின் பெயரையும் மறைத்து அதன் படத்தை அனுப்புங்கள். சீட்டே கொடுப்பதில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்