நிறம், இனம், மருந்து: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை டெங்கும் சர்க்கரையும் கொஞ்சம் ஒதுங்கிவிட்டன. நிறத்தாலும் இனத்தாலும் மொழியாலும் வைத்தியத்தில் ஏற்படும் கோளாறுகள் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு நெடுநாளாக இழுப்பு. விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி 95 காட்டுகிறது, ஆனால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. கறுத்த ஆட்களுக்கு அந்தக் கருவி பிழையாகக் காட்டும் என்று லண்டனில் இருக்கும் அண்ணா சொல்கிறார். உண்மையா டாக்டர்? (வாழைச்சேனை)

அண்ணா சொல்வது சரி. அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்து, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிறது. தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி அந்த ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிவிடும். கருவிகளைச் சரிபார்க்கும்போது பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் விரல்களையே பயன்படுத்தியதால் இந்தப் பிழை நெடுங்காலம் கண்ணில் படவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் இரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதமானோருக்கு உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 சதவீதம். கொவிட் காலத்தில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் யாருக்கு ஒட்சிசன், யாருக்குக் கட்டில் என்று முடிவெடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கருவியை வீசிவிட வேண்டாம். அப்பா நலமாக இருக்கும் நாளில் எத்தனை காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். அதிலிருந்து மூன்று நான்கு குறைந்தால் அதுவே எச்சரிக்கை. விரல் சூடாக, மருதாணியும் நகப்பூச்சும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நாக்கு நீலம் பாரித்தாலோ, கருவி 95 என்றாலும் 99 என்றாலும் 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். கறுத்த உதட்டில் நீலம் தெரியாது. நாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டாரிலிருந்து வந்த என் கணவரின் இரத்த அறிக்கையில் சிறுநீரகத்துக்கு இரண்டு எண்கள். ஒன்று 55. மற்றது, "ஆபிரிக்க அமெரிக்கர் எனில்" 64. எதை எடுப்பது? (நிந்தவூர்)

55ஐ. சிறுநீரகம் இரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் எண் அது. அந்த ஆய்வுகூடம் பழைய சூத்திரத்தை வைத்திருக்கிறது. 2009இல் வந்த அந்தக் கணக்கு, ஆள் கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159 ஆல் பெருக்கும். கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்ற ஊகம்தான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 60க்குக் கீழே மூன்று மாதம் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். அந்தப் பெருக்கலால் நோயாளி ஒருவர் தாளில் நலமானவராகிவிடுவார், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையிலும் பிந்துவார். 2021இல் இனத்தைக் கேட்காத புதிய சூத்திரம் வந்தது. உங்கள் கணவர் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கட்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கட்டும்.

கொவிட்டில் மௌத்தானவர்களை அடக்கினால் கிணற்றுத் தண்ணீர் கெடும் என்றார்கள். பிறகு நாடு முழுவதிலுமிருந்து எங்கள் ஊருக்கே ஜனாசாக்களைக் கொண்டுவந்து அடக்கினார்கள். அப்படியென்றால் எங்கள் தண்ணீருக்கு ஆபத்து இல்லையா? உம்மா இன்னும் பயப்படுகிறார். (ஓட்டமாவடி)

உம்மாவிடம் சொல்லுங்கள், தண்ணீருக்கு அதனால் ஆபத்தில்லை. அன்றும் இருக்கவில்லை.

வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும். உயிர் போன உடலில் அது பெருகாது, நாளாக ஆகச் சிதைந்துவிடும். கொவிட் பரவியது மூச்சுக்காற்றால். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. அப்படியிருந்தும் அந்த ஏப்ரலில் தகனம் மட்டுமே என்று வர்த்தமானி வந்தது. முஸ்லிம்களும், அடக்கம் செய்யும் கிறிஸ்தவர்களும் கெஞ்சியும் பலனில்லை. டிசம்பரில் 20 நாள் சிசுவொன்றைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் விதி மாறியது. மார்ச் முதல் வாரத்தில் உங்கள் மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

சுகாதார விதி ஒன்று வந்தால், அந்த ஆபத்தை எங்கே எப்படி அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். இங்கே கிணறு என்ற சொல் இருந்ததே தவிர, அளவீடு இருக்கவில்லை. நிலத்தடி நீர் உயரமாக உள்ள இடத்தில்தான் பயம் என்றால், அப்படியில்லாத மேட்டு நிலம் நாட்டில் எத்தனையோ இருந்தது. 

உங்கள் கிணற்றுக்கு உண்மையான எதிரி மலசலகூடக் குழி. கரையோர மணலில் நீர் ஆழமில்லை, கழிவு வேகமாக ஊறிச் சேரும். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடியாவது வேண்டும். எட்டுப் பேர்ச் காணியில் அது நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. அப்படியானால் குடிநீரைக் கொதிக்க வையுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லிக் குளோரின் போடுவியுங்கள்.

ஆறாம் ஆண்டு மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. ஊசி. அது எங்கள் சனத்தைக் குறைக்கிற திட்டம் என்று வட்ஸ்அப்பில் வந்தது. கையெழுத்துப் போடவா? (அக்கரைப்பற்று)

போடுங்கள் தங்கச்சி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. 2017 முதல் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் ஒரே ஊசிதான்.

இந்த வதந்தியை உங்கள் மாவட்டம் மறுபக்கமிருந்து பார்த்திருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் கடையொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கிளம்பிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. ஒருவேளைச் சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் கிடையாது. அன்று அந்தப் பொய்யால் அடிபட்டவர்கள் இன்று அதே பொய்யை வேறு உறையில் வாங்குவதுதான் எனக்கு ஆற்றாமை.

வைத்தியத்துறை மீது சந்தேகம் வர நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை அரச சுகாதாரத் துறை கண்காணித்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ். பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நடந்த கொடுமை, இருந்த மருந்தைக் கொடுக்காமல் விட்டது. மகளின் ஊசியை நாமே தடுத்தால் பலன் அதேதான்.

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. கடையில் லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம். இரண்டு கிழமையில் முகம் வெளுத்துவிட்டது. தொடரலாமா? (கல்முனை)

இன்றே நிறுத்துங்கள். அவ்வளவு வேகமாக வெளுத்தால் அதில் பாதரசமோ கடும் ஸ்டீரொயிட்டோ இருக்கலாம். பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிறகு கருவில் வரும் பிள்ளைக்கும் ஆகாது. ஸ்டீரொயிட் தோலை மெலிதாக்கும், நிறுத்தியதும் பருவும் எரிவும் வரலாம். அதனால் கிறீம் டப்பாவோடு தோல் கிளினிக்குக்குப் போங்கள். முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ தாமதிக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்டிருந்தால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் சிங்களப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் கோபிப்பார்களோ என்று பயம். (பொத்துவில்)

கோபித்தாலும் கேளுங்கள். 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. விளங்காத தாளில் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. என்ன வெட்டுகிறார்கள், ஏன், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தாதியரிலோ சிற்றூழியரிலோ தமிழ் தெரிந்தவர் அநேகமாக ஒருவர் இருப்பார். பாடசாலைப் பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். அம்மாவின் கருப்பையை எடுப்பது பற்றிப் பத்து வயதுப் பையனால் கேட்டுச் சொல்ல முடியாது. மருந்துத் துண்டில் வேளையும் அளவும் சிங்களத்தில் இருந்தால், மருந்து கொடுக்கும் யன்னலிலேயே உறையின் மேல் தமிழில் எழுதி வாங்குங்கள்.