வாசகர் கேள்விகள்: ஹம்ஃப்ரி துரையாக நடித்தவர்

(ஓர் அமைச்சரையும் அவரைக் குழப்பும் செயலரையும் வைத்துப் பிபிசி எடுத்த ‘எஸ் மினிஸ்டர்’ என்ற நகைச்சுவைத் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். அதில் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி என்ற செயலராக நடித்த நைஜல் ஹாத்தார்னைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.)

கேள்வி: பேத்தியின் மடிக்கணினியில் தொடர் முழுவதையும் பார்த்து முடித்தேன். நடையும் பேச்சும் பார்த்தால் அவர் பிறவியிலேயே பிரபு வம்சத்தவர் என்று தோன்றுகிறதே, உண்மையா?
– ஓய்வு பெற்ற செக்‌ஷன் ஆபீசர், ராமகிருஷ்ணபுரம்

இல்லை. அவர் 1929 ஏப்ரல் 5 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், பள்ளி, கல்லூரி, 1950இல் முதல் தொழில்முறை மேடை எல்லாம் அவருக்கு அங்கேதான் அமைந்தன. நடிகனாக வேண்டும் என்று மறு ஆண்டே லண்டனுக்குக் கப்பலேறியவருக்கு அந்த ஊர் எளிதில் இடம் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் அலைந்துவிட்டு, மனம் சோர்ந்து, கேப் டவுனுக்கே திரும்பினார். அறுபதுகளின் தொடக்கத்தில் மீண்டும் லண்டன் வந்து, ஜோன் லிட்டில்வுட் என்ற புகழ்பெற்ற இயக்குநரின் குழுவில் சேர்ந்த பிறகே நாடக உலகம் அவரை மெல்லக் கவனிக்கத் தொடங்கியது. தொலைக்காட்சியிலோ வந்து போகும் வேடங்கள்தாம். ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற தொடரில் 1969இல் சைக்கிளில் வரும் ஒரு கோபக்காரராகச் சில நிமிடங்கள் தோன்றினார்.

‘எஸ் மினிஸ்டர்’ முதன்முதலாக ஒளிபரப்பான 1980 பிப்ரவரி 25 அன்று அவருக்கு வயது ஐம்பது. அரசுப் பணியில் இருப்பவர் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்கும் வயதில் இவருக்குப் புகழ் வந்தது.

கேள்வி: மூச்சு விடாமல் அத்தனை நீண்ட வாக்கியங்களைப் பேசுகிறாரே, அவை அவரே எழுதியவையா? துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டியவையா?
– இல்லத்தரசி, கரோல் பாக்

எழுதியவர்கள் ஆன்டனி ஜே, ஜொனாதன் லின் என்ற இருவர். காட்சிகளில் பெரும்பகுதி, பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்துப் படமாக்கப்பட்டதால், ஒட்டுப்போடும் வேலைக்கு அதிக இடமில்லை. துணை வாக்கியத்துக்குள் துணை வாக்கியமாக நீளும் அந்த உரைகளை அவர் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் நினைவாற்றலை மட்டும் பாராட்டி நிறுத்திக்கொள்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து. நகைச்சுவை நடிகர்கள் பலர் ‘இதோ சிரிப்பு வரப்போகிறது’ என்று கண்ணாலோ புருவத்தாலோ முன்னறிவிப்புக் கொடுப்பார்கள். ஹாத்தார்ன் அதைச் செய்வதில்லை. தான் சொல்வது முழுக்க நியாயம், நாட்டின் நன்மைக்காகவே அமைச்சரைக் குழப்புகிறோம் என்று ஹம்ஃப்ரி மனதார நம்புவதாகவே நடித்தார்.

1981இல் வந்த மருத்துவமனை அத்தியாயத்தைப் பாருங்கள். புதிதாகக் கட்டிய மருத்துவமனை ஒன்றில் ஐந்நூறு நிர்வாக, உதவி ஊழியர்கள் இருக்கிறார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. இதைக் கேட்டு அமைச்சர் பதறும்போது, செயலர் குரலை உயர்த்தாமல், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல், அந்த நிர்வாகத்தின் இன்றியமையாமையை விளக்குகிறார். கண்ணைச் சிமிட்டியிருந்தால் அது வெறும் கேலியாகப் போயிருக்கும்.

எதிரே அமைச்சர் ஹேக்கராக அமர்ந்திருந்த பால் எடிங்டனையும் மறந்துவிடக் கூடாது. உரை நீள நீள அவர் முகத்தில் தோன்றும் புரியாமையும், புரிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் பாசாங்கும் இல்லாவிட்டால் ஹம்ஃப்ரியின் பேச்சில் பாதி வீணாகியிருக்கும். இந்த வேடத்துக்காக ஹாத்தார்ன் நான்கு முறை பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றார். எடிங்டன் பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூடப் பெறவில்லை. எனக்கு இன்றும் அது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். உண்மையான செயலர்கள் இப்படித்தான் இருப்பார்களா?
– மாணவி, பழைய ராஜிந்தர் நகர்

ஹம்ஃப்ரியின் துறை கற்பனை. ஆனால் அரசாங்கத்தின் உள்ளே இருந்தவர்களிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டே கதைகள் பின்னப்பட்டன. தொடரின் பெரிய ரசிகை பிரதமர் மார்கரெட் தாட்சர். 1984இல் ஒரு விருது விழாவில் ஹாத்தார்ன், எடிங்டன் இருவருடனும் மேடையேறி ஒரு சிறு நாடகமே நடித்துவிட்டார். நடிகர்கள் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை என்பது வேறு விஷயம். தில்லியின் மத்திய அரசுச் செயலகமான நார்த் பிளாக்கில் பணிபுரிந்த நம்மவர்கள் சிலர் இத்தொடரைப் பற்றிப் பேசும்போது கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே தத்தம் மேலதிகாரியின் பெயரைச் சொல்வார்களே தவிர, தம் பெயரைச் சொன்னவர் எவருமில்லை. 2001இல் ஸ்டார் ப்ளஸ் இதை இந்தியில் ‘ஜீ மந்திரிஜி’ என்று எடுத்தது. ஃபாரூக் ஷேக் அமைச்சராகவும் ஜெயந்த் கிருபளானி செயலராகவும் நடித்தார்கள். தேர்வுக்கு இது உதவாது, நேர்முகத்துக்குப் போகும் முன் மனதை லேசாக்க உதவலாம்.

கேள்வி: ஹம்ஃப்ரிக்குப் பிறகு அவருக்கு வேறு நல்ல வேடம் கிடைத்ததா?
– வங்கி அலுவலர், மயூர் விஹார்

கிடைத்தது, அதுவும் மேடையில். எழுத்தாளர் சி. எஸ். லூயிஸாக நடித்த ‘ஷேடோலேண்ட்ஸ்’ நாடகத்துக்காக 1991இல் அமெரிக்காவின் டோனி விருது பெற்றார். அதே ஆண்டு லண்டன் நேஷனல் தியேட்டரில் ஆலன் பென்னெட் எழுதிய நாடகத்தில், சித்தம் கலங்கிய மூன்றாம் ஜார்ஜ் மன்னரானார். சொற்களைக் கட்டியாண்ட ஹம்ஃப்ரியாக அவரைப் பார்த்துப் பழகியவர்கள், சொற்கள் கைவிட்டுப் போய்ப் பிதற்றும் மன்னராக அவரைப் பார்க்க நேர்ந்தது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு இதுதான். 1994இல் படமானபோதும் அவரே நடித்து, ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

அந்த ஆஸ்கர் விழாவை ஒட்டித்தான், எழுத்தாளர் ட்ரெவர் பென்தம் என்ற ஆணுடன் அவர் பல்லாண்டுகளாக நடத்தி வந்த இல்வாழ்க்கையைப் பத்திரிகைகள் பரபரப்புச் செய்தியாக்கின. கூச்ச சுபாவமுள்ள அவரை அது மிகவும் புண்படுத்தியது. ஆயினும் விழாவுக்குப் பென்தமுடனேயே போனார். 1999இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஜப்பானிய இயக்குநர் நினகவா இயக்கிய ஷேக்ஸ்பியர் நாடகத்தில் லியர் மன்னராக நடித்தபோது விமர்சகர்களில் பலர் கடுமையாகவே எழுதினார்கள். புற்றுநோயுடன் போராடி வந்தவர், 2001 டிசம்பர் 26 அன்று மாரடைப்பால் தம் இல்லத்தில் காலமானார். தன்வரலாறு மறு ஆண்டு வெளிவந்தது.

தில்லிக்காரர்களுக்காக ஒரு துணுக்கு: அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்தில் கின்னக் என்ற சிறு வேடத்தில் வரும் வெள்ளைக்காரரும் இவர்தான். அடுத்த முறை அக்டோபர் 2ஆம் தேதி தொலைக்காட்சியில் போடும்போது தேடிப் பாருங்கள்.