கூடவே இருப்பவர் முன்னேறினால் ஏன் வயிறு எரிகிறது?

எங்கோ ஒருவர் கோடி சம்பாதித்தால் ஒன்றும் தோன்றுவதில்லை, கூடப் படித்தவன் வீடு கட்டினால் மட்டும் ஏன் உறுத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் நம்மை அளந்து பார்ப்பது நம்மைப் போன்றவர்களை வைத்துத்தான். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே இதை எழுதிவிட்டார். அதே தெரு, அதே தொழில் என்றால் உறுத்தல் இன்னும் கூடும்.

கடலூர் முதுநகரில் பக்கத்து வீட்டு அண்ணன் புது பைபர் படகு இறக்கிய அன்று, பள்ளியில் வேலை பார்க்கும் மாமா முதல் ஆளாகப் போய்க் கட்டிப்பிடித்தார். கடலுக்குப் போகும் என் அப்பாவோ படகின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார், வாய் வரவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. சாயங்காலம் அவரே போய், “இன்ஜின் எத்தனை ஹெச்.பி. தம்பி?” என்று கேட்டார். அப்புறம் ராத்திரி வரை திண்ணையில் அதே பேச்சுதான்.