ஷவர் சொட்டுதுன்னு செவத்த உடைக்கணுமா?

கேள்வி: அண்ணா வணக்கம். எங்க பாத்ரூம்ல செவத்துக்குள்ள பதிச்ச டைவர்ட்டர், ஒரே லீவர், அதையே இடது பக்கம் திருப்பினா சுடுதண்ணி வலது பக்கம்னா பச்சைத்தண்ணி. வீடு கட்டி ஆறு வருஷம் ஆகுது. ரெண்டு மாசமா லீவர மூடினாலும் ஷவர் சொட்டிட்டே இருக்கு, சுடுதண்ணி வேற நூல் மாதிரி தான் வருது. பாக்க வந்த பிளம்பர் செவத்த உடைச்சு வால்வையே மாத்தணும், எட்டு டைல்ஸ் போகும்னு சொல்லிட்டார். அந்த டிசைன் டைல்ஸ் இப்ப எந்தக் கடையிலயும் இல்ல. உடைக்காம சரி பண்ண வழி இருக்கா? (வாசகி, தாம்பரம்)

பதில்: இருக்கு தங்கச்சி, பெரும்பாலும் இருக்கு. இந்த மாதிரி கடுதாசி மாசத்துக்கு நாலாவது வருது, படிக்கும்போதெல்லாம் மனசுக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா செவத்துக்குள்ள இருக்கற பித்தளை பாடி அவ்வளவு சுலபத்துல கெடாது, கெடுறது அதுக்குள்ள உக்காந்திருக்கற கார்ட்ரிட்ஜ், அதாவது லீவர் திருப்பும்போது தண்ணிய திறந்து மூடற குட்டி உருளை, அது முன்பக்கமாவே வெளிய வரும். அப்படி வர்ற மாதிரி தான் செஞ்சே வச்சிருக்காங்க.

முதல்ல ஒண்ணு பாருங்க. ஷவர மூடினதும் பத்து பதினஞ்சு நிமிஷம் சொட்டி அப்புறம் நின்னுடுதா, இல்ல ராத்திரி பூரா சொட்டுதா? அகலமான ஷவர் தட்டுக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும், அது மெதுவா வடியறதுல வால்வு தப்பு எதுவும் இல்ல. படுக்கப் போறப்ப கீழ ஒரு பக்கெட்ட வச்சுட்டு காலைல பாருங்க, கால் பக்கெட் சேந்திருந்தா கார்ட்ரிட்ஜ் தான்.

அடுத்தது, அதே கீசர்ல இருந்து வாஷ்பேசினுக்கோ வேற குழாய்க்கோ லைன் போகுதான்னு பாருங்க. அங்க சுடுதண்ணி நல்லா வந்து ஷவர்ல மட்டும் நூலா வந்தா அடைப்பு டைவர்ட்டர்ல. ரெண்டுலயும் நூலா வந்தா கீசர் பக்கம் பாக்கணும். போர் தண்ணி வீட்டுல சுடுதண்ணி பக்கம் தான் எப்பவும் முதல்ல அடைக்கும், காரணம் என்னன்னா தண்ணில கரைஞ்சு இருக்கற சுண்ணாம்பு சூடாகும்போது பிரிஞ்சு வெள்ளையா படிஞ்சுடும், பால் காய்ச்சற பாத்திரத்துல அடி பிடிக்கற மாதிரி கீசருக்குள்ள பொருக்கு பொருக்கா ஒட்டி அப்புறம் உடைஞ்சு குழாய் வழியா வந்து நிக்கும்.

இப்ப வேலை. கீசர் ஸ்விட்ச ஆஃப் பண்ணி ஒரு ரெண்டு மூணு மணி நேரமாவது ஆற விடுங்க, இதுல மட்டும் அவசரப்படாதீங்க, 60 டிகிரி தண்ணி கைல அஞ்சு செகண்ட் பட்டாலே தோல் வெந்துடும். அப்புறம் மொட்டை மாடில டேங்க் வால்வ மூடுங்க, பச்சைத்தண்ணி லைன் கீசர் லைன் ரெண்டும் தனித்தனி வால்வா இருந்தா ரெண்டையும். மூடிட்டு கீழ இருக்கற குழாய திறந்து விட்டு பைப்ல நிக்கற தண்ணி வடியட்டும். தரைல தண்ணி போற ஜாலி மேல ஒரு துணிய போட்டுடுங்க. சின்ன ஸ்க்ரூ அதுக்குள்ள விழுந்தா அன்னைக்கு வேலை போச்சு.

லீவர்ல செவப்பும் நீலமும் போட்ட குட்டி மூடி ஒண்ணு இருக்கும், நகத்தால கெளப்பினா வந்துடும். உள்ள ஆலன் ஸ்க்ரூ, சாதாரண ஸ்க்ரூ டிரைவர் சேராது, சைக்கிள் கடைல கிடைக்கற ஆலன் கீ செட் போதும், தளர்த்தினாலே லீவர் கைக்கு வரும். அப்புறம் செவத்த ஒட்டி இருக்கற வட்டத் தட்டு, அதுக்குள்ள ஒரு குரோம் தொப்பி, அதக் கையால சுத்தலாம், டைட்டா இருந்தா துணி சுத்தி பிளேயர் போடுங்க இல்லன்னா பூச்சு கீறிடும். அதுக்கு அடியில பெரிய பித்தளை நட். ஸ்பானர் வச்சு இடது பக்கமா சுத்தி எடுங்க, எடுத்ததும் கார்ட்ரிட்ஜ நேரா உங்க பக்கமா இழுங்க, அப்படி இப்படி ஆட்டினா பிளாஸ்டிக் கால் உடையும்.

வெளிய வந்தத உள்ளங்கைல கவுத்து வச்சு பாருங்க தங்கச்சி. அடியில மூணு ஓட்டை தெரியும், ஒண்ணு சுடுதண்ணி உள்ள வர்றதுக்கு, ஒண்ணு பச்சைத்தண்ணிக்கு, மூணாவது கலந்து வெளிய போறதுக்கு. ஒவ்வொண்ண சுத்தியும் ரப்பர் வளையம். சுடுதண்ணி ஓட்டை ஓரத்துல மட்டும் ரவை சிந்தின மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டி, ரப்பர் தட்டையா அமுங்கி பளபளன்னு இருந்தா வியாதி அது தான். உள்ள வழவழன்னு ரெண்டு செராமிக் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி தான் தண்ணிய மூடுது, நடுவுல ஒரு மணல் சிக்கி கீறல் விழுந்தா அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் சொட்டும். அந்தக் கீறல சரி பண்ண முடியாது, புதுசு தான் வாங்கணும்.

வாங்கும்போது பழசக் கையோட கொண்டு போங்க. போட்டோ மட்டும் காட்டாதீங்க, 35 மில்லிமீட்டர் ஒண்ணு 40 மில்லிமீட்டர் ஒண்ணுன்னு வரும், போட்டோல ரெண்டும் ஒண்ணு போலவே தெரியும், அடியில இருக்கற ரெண்டு முளை தள்ளி இருந்தா பாடில உக்காரவே உக்காராது. லீவர்ல என்ன கம்பெனி பேர் இருக்கோ அதே கம்பெனி கார்ட்ரிட்ஜா கேளுங்க.

புதுசு போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அவசரத்துல பல பேர் இத விட்டுடறாங்க. யாரையாவது மாடிக்கு அனுப்பி வால்வ ஒரே ஒரு செகண்ட் திறந்து மூடச் சொல்லுங்க. செவத்துல இருந்து தண்ணி பீச்சி அடிக்கும், பாத்ரூம் நனையும், நனையட்டும், பாடிக்குள்ள கிடக்கற பொருக்கெல்லாம் அதோட வந்துடும். இத செய்யாம போட்டா புது கார்ட்ரிட்ஜும் ஒரே மாசத்துல கீறிடும். ரப்பர் வளையத்துல சிலிகான் கிரீஸ் லேசா தடவுங்க, வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ வேணாம், ரப்பர் ஊறிப் பெருத்துடும். நட்ட கையால முழுசா சுத்திட்டு ஸ்பானர்ல கால் சுத்து, அவ்வளவு தான். லீவர் இறுக்கமா நகந்தா நட்ட கொஞ்சம் தளர்த்துங்க, ரொம்ப டைட் பண்ணா செராமிக் விரிஞ்சுடும்.

எப்ப உடைச்சே ஆகணும்? டைவர்ட்டருக்கு பின்பக்க ரூம் செவத்துல ஈரம் படிஞ்சு பெயிண்ட் உப்பி உரிஞ்சு வந்தா உள்ள ஜாயின்ட் விட்டிருக்கு, இல்ல பாடியே வெடிச்சிருக்கு, அப்ப தள்ளிப் போடாதீங்க. அப்படி இருந்தா கூட ஈரம் தெரியற அந்தப் பின் செவத்து பக்கமா உடைச்சு வேலை பாக்க முடியுமான்னு கேளுங்க, சிமென்ட் பூசி பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுடும், உங்க டைல்ஸ் தப்பிக்கும். செவரு காஞ்சு இருந்தா யார் சொன்னாலும் உளி வைக்க விடாதீங்க.

கேள்வி: சார், பச்சைத்தண்ணி குழாய திறந்தா முதல்ல ஒரு நிமிஷம் சுடுதண்ணி வருது. வால் மிக்ஸர் புதுசு மாத்தியும் அப்படியே இருக்கு. (வாசகர், மதுரை)

பதில்: உங்க ஷவர் கைல பிடிக்கற டெலிபோன் ஷவரா, அதுல அமுக்கற பட்டன் இருக்கா சார்? பட்டன விட்டதும் தண்ணி நிக்குதுன்னு மிக்ஸர்ல ரெண்டு குமிழையும் திறந்தே வச்சுட்டு வந்துடறோம். வெளிய போக வழி இல்லாததால மிக்ஸருக்குள்ள சுடு லைனும் பச்சை லைனும் ஒண்ணா சேந்துடும், எந்தப் பக்கம் அழுத்தம் ஜாஸ்தியோ அது அடுத்த பைப்புக்குள்ள ஏறிடும். குளிச்சு முடிச்சதும் ரெண்டு குமிழையும் மூடிப் பாருங்க, ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும். அப்பவும் நிக்கலன்னா கீசருக்கு தண்ணி உள்ள போற இடத்துல இருக்கற ஒருவழி வால்வு உப்பு பிடிச்சு மூடாம நிக்கும், எலக்ட்ரீஷியன் கீசர் சர்வீஸ் பண்ண வர்றப்ப அதையும் கழட்டி பாக்கச் சொல்லுங்க. புது மிக்ஸருக்கு செலவு பண்ணிட்டீங்க, பழசு நல்லா இருந்திருக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க.

கேள்வி: மாடி வீடு. பெரிய ரெயின் ஷவர் ஆசைப்பட்டு போட்டோம், தண்ணி சொட்டு சொட்டா தான் விழுது. வால்வ அட்ஜஸ்ட் பண்ணா சரியாகுமா? (வாசகி, திருச்சி)

பதில்: ஆகாதும்மா, இது வால்வு தப்பு இல்ல, உயரம். டேங்க் தண்ணி மட்டம் ஷவருக்கு மேல 10 மீட்டர் இருந்தா தான் ஒரு பார் (அழுத்தத்த அளக்கற அளவு) அழுத்தம் கிடைக்கும். டேங்க்குக்கு நேர் கீழ் மாடில நீங்க இருக்கீங்க, ஷவருக்கும் தண்ணி மட்டத்துக்கும் நடுவுல ஒம்பது பத்து அடி இருந்தாலே பெருசு, அது 0.3 பார் கிட்ட தான் வரும். பிரஷர் பம்ப் போடறதுன்னா கீசருக்கு போற லைனும் பம்ப்ல இருந்தே போகணும், பச்சைத்தண்ணிக்கு மட்டும் போட்டா மதுரை சாருக்கு வந்த பிரச்சனை உங்களுக்கு தலைகீழா வரும், பச்சைத்தண்ணி சுடுதண்ணி பைப்புக்குள்ள ஏறிடும். கீசர் எத்தனை பார் தாங்கும்னு அது மேலயே ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. பம்ப் வேணாம்னா அந்த ரெயின் ஷவர கழட்டி வச்சுட்டு நாலு இஞ்ச் சின்ன ஷவர் ஒண்ணு மாட்டிப் பாருங்க, அதே தண்ணி தலை நனையற மாதிரி விழும்.