கணினி கற்றுக்கொள்ளப் புது லேப்டாப்பும் பயிற்சி மையமும் தேவையா?

கேள்வி: வயது 48. மகன் விட்டுச் சென்ற பத்தாண்டுப் பழைய டெஸ்க்டாப் கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது. அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ள ஆசை. புதிய லேப்டாப் வாங்கிப் பயிற்சி மையத்தில் சேர வேண்டுமா?

வாங்க வேண்டாம். சேரவும் வேண்டாம். அந்தப் பழைய கணினியே உங்களுக்குப் போதும்.

சான்றிதழ் கேட்கும் வேலை எதற்கும் நீங்கள் போகவில்லை என்று எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சிஓஏ (அலுவலகப் பணிக்கான கணினிச் சான்றிதழ்) தேர்வை எழுத வேண்டியவர்களின் வழி வேறு. அவர்கள் என்னுடன் சண்டைக்கு வர வேண்டாம். எல்லாப் பயிற்சி மையமும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் என் சித்திக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் இந்தக் கேள்வியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சித்தி ஜவுளிக்கடை ஒன்றில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். கணக்கைக் கணினிக்கு மாற்றப் போகிறோம், கற்றுக்கொண்டு வந்தால் வேலை தொடரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஊரில் இருந்த ஒரு மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தார். அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? முதல் தலைமுறைக் கணினியில் வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறையில் டிரான்சிஸ்டர். சிபியு என்பதன் விரிவு. மவுஸின் படம் வரைந்து பாகம் குறித்தல். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு சான்றிதழும் வாங்கிவிட்டார். அதன் பிறகு ஒருநாள் வீட்டில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தார். மறுநாள் என்னிடம் கேட்டார்: "நேற்று அடித்த கடிதம் எங்கே போனது?" சேமிப்பது என்றால் எங்கே சேமிக்கிறோம், கோப்புறை என்பது என்ன, டவுன்லோட்ஸ் என்பது எந்த இடம் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான் பொறியாளர் இல்லை. தட்டச்சுப் பயிலகத்தில் ஆசிரியையாக இருந்தவள். ஃபேசிட் இயந்திரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்" என்று தொடங்கி வைத்த கை இது. அதனால் சித்தியை முதலில் கீபோர்டில்தான் உட்கார வைத்தேன். எஃப், ஜே என்ற இரண்டு விசைகளிலும் சிறு மேடு இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களும் நிற்க வேண்டிய இடம் அதுதான். தமிழில் அடிக்க, தமிழக அரசு 1999இல் அறிவித்த தமிழ்99 அமைப்பைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கு என்று பிரித்திருப்பதால் கை சீக்கிரம் பழகிவிடும். ஆங்கில எழுத்தில் "அம்மா" என்று அடித்துத் தமிழாக மாற்றுவது எளிது என்பார்கள். எளிதுதான்; நாளெல்லாம் அடிப்பவருக்கு விரல் நோகும்.

பிறகுதான் அந்தச் சம்பவம். ஒரு காலையில் சித்தியின் கணினியில் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. உள்ளிருந்து விட்டுவிட்டு ஒரு கூவல் சத்தம். கடைக்கு எடுத்துப் போனார். பத்து நிமிடம் கூடப் பார்க்காமல் "மதர்போர்டு போய்விட்டதம்மா, இதற்குச் செலவு செய்வது வீண், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களும் வந்து சேரும் முக்கியப் பலகை. சித்தி சங்கிலியை அடகு வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மீதி மின்சாரத்தையும் வடித்துவிட்டேன். பக்கத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினேன். பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, கணினியின் தற்காலிக நினைவகமான ராம் அட்டையின் முனைப் பிடியைத் தள்ளினேன். அட்டை மேலெழும்பி வந்தது. அதன் அடி விளிம்பில் பொன்னிறத்தில் பளபளக்க வேண்டிய பற்கள் பழுப்பேறி, மங்கிக் கிடந்தன. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிப்பானை எடுத்து, அழுத்தாமல், ஒரே திசையில் இரண்டு பக்கமும் துடைத்தேன். துகளைத் தட்டிவிட்டு, நடுவில் உள்ள வெட்டு பொருந்தும்படி வைத்து, டக்கென்று பிடி விழும்வரை அழுத்தினேன். திரை வந்துவிட்டது.

அழிப்பான் முலாமைத் தேய்த்துவிடும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் முறை என்று சொல்ல இங்கே சிலர் வருவார்கள். சரிதான், கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒன்றில் மட்டும் நான் மிகக் கண்டிப்பு: 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை ஒருபோதும் பிரிக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அன்று சித்தி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். சில மாதம் கழித்துக் கணினி ஏதோ பழைய ஆண்டைத் தேதியாகக் காட்டியது, எந்த வங்கித் தளமும் திறக்கவில்லை. தேதி தவறினால் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். சித்தி யாரையும் கூப்பிடவில்லை. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைத் தானே கழற்றி, கடிகாரக் கடையில் காட்டிப் புதிது வாங்கி, பொருத்தி, தேதியையும் திருத்திவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தக் குரலில் இருந்த மிடுக்கு அந்தச் சான்றிதழ் வாங்கிய அன்று இல்லை.

உங்களுக்கு முதலில் புரிய வேண்டியது ராமுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாடு. கடைக்காரர்கள் இரண்டையும் "மெமரி" என்றே சொல்லிக் குழப்புவார்கள். ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள், சேமிக்காமல் மூடிவிடுங்கள். போய்விடும்; அதுவரை அது ராமில் மட்டும் இருந்தது. இன்னொரு பத்தி அடித்து கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தி, பெயர் கொடுத்து மூடுங்கள். அது டிஸ்க்கில் இருக்கும், நாளை வந்தாலும் கிடைக்கும். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டுக் கற்காதீர்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று கையில் இருக்கும் மவுஸைப் பிடுங்கி, நான்கு சொடுக்கில் முடித்துவிட்டு எழுந்து போவார்கள். மவுஸைப் பறிகொடுத்த கை எதையும் கற்காது. இந்த வீட்டு அவமானம் போதாதென்று இணைய விண்ணப்பத் தளங்கள் வேறு. புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 20 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். பெரிய படத்தை வாங்கித் தானே சுருக்கிக்கொள்ள ஒரு தளத்துக்கு என்ன கஷ்டம்? ஒரு படத்தைச் சுருக்க ஏழைப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உங்கள் கணினிக்கு வருகிறேன். பத்தாண்டுப் பழையது என்றால் 4 ஜிபி ராமும் சுற்றும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கக்கூடும். மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் அந்த டிஸ்க்தான் காரணம். அதை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்எஸ்டி (சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டு, ராமை 8 ஜிபி ஆக்குங்கள். புது லேப்டாப்பின் விலையில் சிறு பகுதிதான் செலவாகும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் கணினியின் பிராசசரைப் பெரும்பாலும் ஏற்காது. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், எழுத, கணக்குப் போட லிபர்ஆஃபிஸும் அதோடு வரும். அலுவலகத்தில் விண்டோஸ்தானே என்பீர்கள். கோப்பு, கோப்புறை, நகல் எடுப்பது, ஒட்டுவது எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

ராம் வாங்கக் கடைக்குப் போகும் முன் பழைய அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பிசி3 என்று தொடங்கினால் டிடிஆர்3 வகை ராம், பிசி4 என்றால் டிடிஆர்4 வகை. வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. குழப்பமாக இருந்தால் அந்தச் சீட்டைப் படமெடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.