ஃபயர்பாக்ஸ் அப்டேட் ஆனதும் எல்லாம் இடம் மாறிவிட்டதா? கேளுங்கள், சொல்கிறேன்

ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் தோற்றம் மாறியது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாக வருகிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரை வைத்துத்தான் எழுதுகிறேன், லினக்ஸிலும் ஏறக்குறைய இதேதான். பெரும்பாலான மாற்றங்களைத் திருப்ப ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே வழி இருக்கிறது, அதைப் பார்க்காமல் யாரும் பழைய வெர்ஷனைத் தேடிப் போகாதீர்கள்.

கேள்வி: அண்ணா, மேலே வரிசையாக இருந்த டேப் எல்லாம் இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போய்விட்டது. நான் எதையும் மாற்றவில்லை.

டேப் மேல் ரைட் கிளிக் செய்யும்போது தெரியாமல் 'டர்ன் ஆன் வெர்டிகல் டேப்ஸ்' மேல் விரல் பட்டிருக்கும். 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் வெர்ஷனில் சேர்ந்த வசதி அது. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போனால் 'பிரவுசர் லேஅவுட்' என்று இருக்கும், அங்கே ஹாரிசாண்டலைத் தேர்ந்தெடுங்கள், பழையபடி மேலே வந்துவிடும். ஓரத்தில் ஐகான்களோடு நிற்கும் சைடுபாரும் வேண்டாமென்றால் அங்கேயே 'ஷோ சைடுபார்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் தமிழில் நிறைய வாசிப்பவராக இருந்தால் இரண்டு நாள் அப்படியே வைத்துப் பாருங்கள். நம் தலைப்புகள் நீளம், மேல் வரிசையில் பத்துப் பதினைந்து டேப் ஆனதுமே முதல் இரண்டு எழுத்துதான் தெரியும், பக்கவாட்டில் இருந்தால் தலைப்பைப் படிக்கவாவது முடிகிறது.

கேள்வி: என்னுடையது பழைய லேப்டாப், 1366க்கு 768 திரை. டூல்பாரே கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒல்லியாக்க முடியுமா?

முடியும். எனக்கு ரொம்ப வருத்தம் தந்த மாற்றம் இது. 2021 ஜூனில் 89-ஆம் வெர்ஷனோடு புரோட்டான் என்ற புதிய தோற்றம் வந்தபோது டேப்பும் மெனுவும் தடிமனாகிவிட்டன, அதுவரை மெனுவில் இருந்த காம்பேக்ட் என்ற தேர்வையும் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்று கணித்து, ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாக்காரர்கள் மறைத்துவிட்டார்கள். சின்னத் திரையில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வரியும் முக்கியம் என்பதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும். மறைத்தார்களே தவிர நீக்கவில்லை, அதுதான் நமக்கு வாய்ப்பு. அட்ரஸ் பாரில் அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடியுங்கள், எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். தேடும் இடத்தில் 'காம்பேக்ட்மோட்' என்று சேர்த்து அடித்தால் ஷோ என்று முடியும் ஒரு வரி வரும், அதை இரண்டு முறை கிளிக் செய்து ட்ரூ ஆக்குங்கள். அப்புறம் டூல்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக், கஸ்டமைஸ் டூல்பார், கீழே டென்சிட்டி, அதில் காம்பேக்ட். பக்கத்திலேயே 'ஆதரவு இல்லை' என்ற பொருளில் எழுதியிருக்கும், பயப்பட வேண்டாம், இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. அதே பக்கத்தில் டைட்டில் பார் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். புக்மார்க் பட்டையை கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி வேண்டும்போது மட்டும் வரவழைக்கலாம்.

கேள்வி: ஃபைல், எடிட், வியூ மெனுவெல்லாம் எங்கே சார்?

ஆல்ட் பட்டனை ஒருமுறை தட்டுங்கள், வரும். எப்போதும் இருக்க வேண்டுமென்றால் டூல்பாரில் ரைட் கிளிக் செய்து மெனு பாரை டிக் செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. கன்ட்ரோலும் பிளஸ்ஸும் அழுத்தினால் பக்கம்தான் பெரிதாகிறது, மேலே இருக்கும் டேப் எழுத்து அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

அந்த ஷார்ட்கட் பக்கத்துக்கு மட்டும்தான். மேலே சொன்ன கான்ஃபிக் பக்கத்திலேயே 'டெவ்பிக்சல்ஸ்' என்று தேடுங்கள், மதிப்பு மைனஸ் 1 என்று இருக்கும், விண்டோஸ் சொல்லும் அளவை எடுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். அம்மாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஸ்கேலிங் 100 சதவீதம் என்றால் அதை 1.2 ஆக்குங்கள், போதாவிட்டால் 1.3. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், எடுத்த எடுப்பில் 5, 6 என்று போட்டால் திரை முழுக்க ஒரே பட்டன் நிற்கும், திருப்பி மாற்றவே சிரமம். இது மெனு, டேப், பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். அம்மாவுக்குத் தமிழ் எளிது என்றால் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியிலேயே மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்து மெனுவையே தமிழாக்கிக் கொடுங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் ஐகான்கள் காணோம்.

ஜிக்சா புதிர்த் துண்டு மாதிரி ஒரு பட்டன் இருக்கிறதே, எல்லாம் அதற்குள்தான். 2023 ஜனவரியில் 109-ஆம் வெர்ஷனில் வந்த மாற்றம். வேண்டியதன் பக்கத்தில் உள்ள சக்கரத்தை அழுத்தி 'பின் டு டூல்பார்' கொடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு? பழைய வெர்ஷனைப் போட்டு அப்டேட்டை நிறுத்திவிட்டால் தொல்லை விட்டது இல்லையா?

தயவுசெய்து வேண்டாம். பிரவுசர் என்பது முன்பின் தெரியாத ஆயிரம் தளங்களின் நிரல்களை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள், பேங்க் வேலையும் அதில்தான் பார்க்கிறீர்கள். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் எந்தெந்தப் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தோம் என்று பட்டியலே வெளியாகிறது, அதாவது பழையதில் எங்கே ஓட்டை என்பது உலகத்துக்கே தெரியும். அதோடு 67-ஆம் வெர்ஷனிலிருந்து ஒரு தடுப்பு உண்டு, புதிய வெர்ஷன் திறந்த ப்ரொஃபைலை (உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் ஃபோல்டர் அது) பழையதில் திறக்கப் போனால் புது ப்ரொஃபைல் தொடங்கச் சொல்லும், புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அதில் இருக்காது. மாற்றம் அடிக்கடி வரக் கூடாது என்பதுதான் தேவையென்றால் இ.எஸ்.ஆர். என்ற நீண்ட கால ஆதரவு வெர்ஷனைப் போடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், தோற்ற மாற்றங்கள் சுமார் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும்.

கேள்வி: டேப்களை அட்ரஸ் பாருக்குக் கீழே கொண்டுவர முடியுமா தோழர்? முன்பு அப்படித்தானே இருந்தது.

2014 ஏப்ரலில் 29-ஆம் வெர்ஷன் வந்தபோதே அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது யூசர்குரோம் என்ற சி.எஸ்.எஸ். ஃபைல் (தோற்றத்தை வரையறுக்கும் கட்டளைகள் எழுதிய ஃபைல்) ஒன்றுதான் வழி. கான்ஃபிக்கில் 'லெகசியூசர்' என்று தேடி வரும் வரியை ட்ரூ ஆக்கி, ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் குரோம் என்ற பெயரில் ஃபோல்டர் வைத்து, அதற்குள் அந்த ஃபைலைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சி.எஸ்.எஸ். கொஞ்சமாவது புரிந்தால் மட்டும் இறங்குங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் பெயர்களை அவர்கள் மாற்றும்போதெல்லாம் நீங்கள் எழுதியது உடையும், எங்கோ காப்பி அடித்ததாக இருந்தால் எந்த வரி உடைந்தது என்றே தெரியாது. உடைந்தால் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி திறங்கள், பிரவுசர் அதன் சொந்தத் தோற்றத்தில் வரும்.

கேள்வி: எதை எதையோ மாற்றிக் குழப்பிவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் பாஸ்வேர்டு போகக் கூடாது.

முதலில் கஸ்டமைஸ் டூல்பார் பக்கத்தில் 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' அழுத்துங்கள், பட்டன்கள் மட்டும் கலைந்திருந்தால் அதிலேயே சரியாகிவிடும். கான்ஃபிக்கிலும் கை வைத்திருந்தால் ஹெல்ப் மெனுவில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ் இருக்கிறது. புக்மார்க், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி அப்படியே இருக்கும், எக்ஸ்டென்ஷன்களும் நீங்கள் மாற்றிய செட்டிங்ஸும் போய்விடும். அதனால் என்னென்ன எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.