கேள்வி–பதில்: சர்வர் வாடகைக்கு எடுக்கும் முன்

கேள்வி: டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம் நடத்துகிறேன். எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் ஞாயிறு காலை 10 மணிக்கு மாதிரித் தேர்வு. 300 பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே வந்ததும் தளம் படுத்துவிடுகிறது. இப்போது இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங். விபிஎஸ் (ஒரு பெரிய கணினியில் நமக்கென்று பிரித்துத் தரும் தனிப் பங்கு) எடுக்கச் சொல்கிறார்கள். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டலாமா? (தென்காசி வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். விபிஎஸ் உங்களுக்குத் தேவைதான், மூன்று வருட ஒப்பந்தம் தேவையே இல்லை. நினைத்த மாதம் காலி செய்துவிட்டுப் போக முடிகிற சர்வர்தான் நல்ல சர்வர். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒருவரால் மற்றவர்களுக்குத் தொல்லை வராமலிருக்க, ஒரு கணக்குக்கு ஒரே சமயத்தில் இவ்வளவு வேலைதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். 10 மணிக்கு நீங்கள் முட்டி நிற்பது அந்த வரம்பில்தான். விபிஎஸ் என்பது பெரிய வீட்டில் தனி போர்ஷன் எடுப்பது போல. மீட்டர் தனி, சாவி தனி. ஆனால் பக்கத்துப் போர்ஷன் சத்தம் கொஞ்சம் கேட்கும்.

எவ்வளவு ராம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேர்ட்பிரஸ் பிஎச்பி என்ற மொழியில் எழுதப்பட்டது. பக்கங்களைத் தயாரிக்கும் ஒரு பிஎச்பி புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை) சுமார் 50 எம்பி எடுக்கும் என்று வையுங்கள். 2 ஜிபி ராமில் உபுண்டுவுக்கும் (சர்வரின் லினக்ஸ் இயங்குதளம்) மைஎஸ்கியூஎல்லுக்கும் (விடைகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ்) 800 எம்பி போனால், மீதியில் 24 புரோசஸ் ஓடும். பிஎச்பி அமைப்பில் அந்த 24-ஐயே வரம்பாக வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ராம் தீர்ந்ததும் லினக்ஸ் அதிக ராம் எடுக்கும் புரோசஸைத் தேடிப் பிடித்து நிறுத்திவிடும். பெரும்பாலும் அது மைஎஸ்கியூஎல்லாகவே இருக்கும். ராப்பகலாகப் படித்துவிட்டு வந்த பிள்ளையின் விடைகள் அந்த நொடியில் போய்விடும். அதை நடக்க விடக்கூடாது.

உங்கள் தேர்வுக்கு ராமைவிட சிபியு முக்கியம். லாகின் செய்து எழுதும் பக்கங்களை கேஷில் (முன்பே தயாரித்து வைத்த நகலாக) வைத்துக் கொடுக்க முடியாது, ஒவ்வொரு கிளிக்குக்கும் சர்வர் புதிதாக வேலை செய்யும். அதற்காக வருடம் முழுக்கப் பெரிய சர்வர் வேண்டாம். மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனமாகப் பாருங்கள். வாரநாளில் 2 ஜிபி போதும். சனி இரவு சர்வரை நிறுத்தி 4 கோர், 8 ஜிபிக்கு ஏற்றுங்கள், ஞாயிறு மதியம் இறக்குங்கள். ஏற்றும்போது சிபியு, ராம் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்கையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டால் திரும்பச் சிறிதாக்க விடமாட்டார்கள். இன்னொன்று, இது காசில்லாத யோசனை: 300 பேரையும் 10 மணிக்கே விடாமல், ஐந்து நிமிட இடைவெளியில் நூறு நூறு பேராக விடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

சர்வர் எந்த ஊரில் இருக்க வேண்டும்? பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், அதனால் சென்னை, பெங்களூரு, மும்பை. சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்களில் லினோடுக்குச் சென்னையிலும் மும்பையிலும், டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூருவில், அமேசான் லைட்செய்லுக்கு மும்பையில் இடம் இருக்கிறது. ஜெர்மனியில் அதே விலைக்குக் கூடுதல் ராம் கிடைக்கலாம், உண்மைதான். ஆனால் தகவல் ஒருமுறை அங்கே போய்த் திரும்பவே 130 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், ஒரு பக்கம் திறக்கப் பல முறை போய்வர வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் டாலர் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்த முதல் வாரமே தேர்வை மாற்றிவிட வேண்டாம். கேவிஎம் முறையில் (ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினி போலவே பிரிக்கும் முறை) தருகிறார்களா என்று கேட்டு எடுங்கள். பிறகு காலை, மாலை, இரவு என்று சர்வரின் வேலைப்பளுவைக் காட்டும் 'டாப்' (top) கட்டளையை ஓட்டி, சிபியு வரியின் கடைசியில் 'எஸ்டி' (st) என்று வரும் எண்ணைப் பாருங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய சிபியு நேரம் எவ்வளவு அடுத்தவருக்குப் போகிறது என்பதை அது காட்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சரி. அடிக்கடி 10-ஐத் தாண்டினால் அந்தக் கணினியில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள். அந்த மாதத்தோடு கிளம்பிவிடுங்கள். டொமைனை (தளத்தின் பெயரை) மட்டும் சர்வர்காரரிடம் வாங்காமல் வேறு இடத்தில் வைத்திருங்கள், அப்போதுதான் கிளம்புவது சுலபம்.

கேள்வி: விபிஎஸ் நிறுவனமே மாதம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு பேக்கப் எடுக்கிறது. நானும் தனியாக எடுக்க வேண்டுமா? (ஈரோடு வாசகி)

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்துபோனது. ரஸ்ட் என்ற விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்கள் 25-இல் இருந்த தகவல் திரும்ப வரவே இல்லை. காசு கட்டி பேக்கப் வைத்திருந்த சிலருக்கும் அதே கதி, ஏனென்றால் பேக்கப்பும் அங்கேயே இருந்தது. அப்படி இழந்த ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டு, 2023-இல் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினார். தீர்ப்பு கிடைத்தாலும் போன தகவல் வராதே, அம்மா.

நிறுவனத்தின் பேக்கப் இருக்கட்டும். தினமும் ராத்திரி டேட்டாபேஸையும் அப்லோடு கோப்புகளையும் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு அனுப்ப, தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் (சிறிய நிரல்) போடுங்கள். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது சர்வர் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, பேக்கப்பிலிருந்து தளத்தை எழுப்பிப் பாருங்கள். செலவு சில ரூபாய்தான். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நம்பி நான் எதையும் வைப்பதில்லை.

கேள்வி: தளம் ஓடாத மாதங்களில் சர்வரை ஆஃப் செய்து வைத்தால் வாடகை மிச்சமாகுமா? (காரைக்கால் வாசகர்)

பதில்: பெரும்பாலான இடங்களில் ஆகாது. ஆஃப் செய்தாலும் டிஸ்கும் ஐபி முகவரியும் (இணையத்தில் சர்வரைக் குறிக்கும் எண்) உங்கள் பெயரில்தான் இருக்கும், பில் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்நாப்ஷாட் (சர்வரின் அப்போதைய முழு நகல்) எடுத்துவிட்டு சர்வரையே அழித்துவிடுங்கள். ஸ்நாப்ஷாட்டுக்கு மாதம் கொஞ்சம் காசுதான். திரும்ப எழுப்பும்போது ஐபி மாறும், டொமைனில் அதை மாற்றினால் போதும்.

கார்டையும் கவனியுங்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு நீங்கள் முன்கூட்டியே வங்கியில் ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாட்டு நிறுவனம் பணம் எடுக்க முயன்று தோற்கும், சில வாரங்களில் சர்வரை முடக்குவார்கள், பிறகு அழிப்பார்கள். முன்பணம் போட்டு வைக்கும் வசதி இருந்தால் இரண்டு மாத வாடகையை அதில் போட்டுவிடுங்கள்.